உப்புத் தண்ணீர் ஊரில் கள்ளிமுளையானும் அதன் உறவுகளும்: தொட்டியில் வளர்த்துப் பூக்க வைக்க முழுமையான வழிகாட்டி

விரல் பருமனில் விளிம்பு விளிம்பாக எழும் தண்டு. பெயருக்குக்கூட இலை இல்லை. பூ வந்தால் மட்டும் தெருவே நின்று பார்க்கும். நம் பக்கத்துக் கள்ளிமுளையானும், ஆப்பிரிக்காவிலிருந்து வந்து நர்சரிகளில் விற்கப்படும் அதன் உறவுகளும் ஒரே வகைச் செடிகள்தாம். இந்த வழிகாட்டி அவற்றைப் பற்றியது. இராமநாதபுரம் மாவட்டத்தில் கீழக்கரை, ஏர்வாடி, மண்டபம், தொண்டி எனக் கடலிலிருந்து சில கிலோமீட்டருக்குள் வீடு இருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

செடி வாங்குவது இங்கே ஐந்தாவது வேலை. பெரும்பாலோர் அதையே முதல் வேலையாகச் செய்கிறார்கள். மற்ற ஊர்களில் அப்படிச் செய்தாலும் தப்பிக்கலாம், நம் ஊர்த் தண்ணீரில் தப்பிக்க முடியாது. வரிசையை மாற்றாதீர்கள்.

காலக்கணக்கும் முக்கியம். புரட்டாசியில் தண்ணீர் டிரம் தயாராக வேண்டும், மார்கழிக்குள் மண் கலவை முடிய வேண்டும், தையில் நட வேண்டும். தையில் நட்டால் கோடை வெயில் ஏறுவதற்குள் வேர் பிடித்துவிடும். ஐப்பசியில் நட்ட தண்டு வேர் விடும் முன்பே மழை ஈரத்தில் அழுகும்.

1. முதலில் தண்ணீரைச் சோதியுங்கள்

கடலோர போர்வெல் தண்ணீரை நம்பி இந்தச் செடிகளை வைக்காதீர்கள். தண்ணீரில் கரைந்துள்ள உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். வாங்க மனமில்லாவிட்டால் தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் பழுது பார்ப்பவரிடம் ஒரு தம்ளர் தண்ணீரைக் கொடுத்தால் அளந்து சொல்வார். 500-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 1000-ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீர் பாத்திரம் கழுவ மட்டும்.

உப்பு எப்படிக் கெடுக்கிறது என்பது புரிந்தால் பாதித் தவறுகள் தாமாக நின்றுவிடும். செடி தண்ணீரை எடுத்துக்கொள்கிறது, உப்பை மண்ணிலேயே விட்டுவிடுகிறது. அடுத்த முறை ஊற்றும்போது இன்னும் கொஞ்சம் உப்பு சேர்கிறது. சில மாதங்களில் மண்ணில் உப்பு மிகுந்து, வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாமல் போகிறது. நுனி வேர்கள் சாகின்றன. தண்டு சுருங்குகிறது. தாகம் என்று நினைத்து வீட்டுக்காரர் இன்னும் அதிகமாக ஊற்றுகிறார். செத்த வேரில் பூஞ்சை ஏறி, அடித்தண்டு கறுத்து, செடி சாய்கிறது. “லாத்தா, நான் ஒருநாள் தவறாமல் தண்ணீர் விடுகிறேன், அப்படியும் போய்விட்டது” என்று என்னிடம் சொல்பவர்களின் தொட்டியை எடுத்துப் பார்த்தால், விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும்.

மழைத் தண்ணீரே சிறந்த வழி. 2003-லிருந்து தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால், பல வீடுகளில் மாடியிலிருந்து இறங்கும் குழாய் ஏற்கெனவே இருக்கிறது. அதன் வாயில் ஒரு டிரம்மை வைத்தால் போதும். முதல் மழையைப் பிடிக்காதீர்கள். ஆறேழு மாதம் கடற்காற்று கொண்டுவந்து கொட்டிய உப்பும் தூசியும் அந்த மழையில்தான் கழுவி இறங்கும். இரண்டாவது, மூன்றாவது மழையைப் பிடியுங்கள். டிரம்மின் வாயை நெருக்கமான வலையால் கட்டி, மேலே மூடி போடுங்கள். கொசுவும் வராது, பாசியும் பிடிக்காது.

எவ்வளவு தேவை? ஆறு அங்குல அகலத் தொட்டிக்கு ஒரு தடவைக்கு 150 மில்லி. இருபது தொட்டிக்கு மூன்று லிட்டர். கீழே சொல்லும் கணக்கில் ஊற்றினால் ஆண்டுக்கு ஏறத்தாழ ஐம்பது தடவை, அதாவது சுமார் 150 லிட்டர். ஒரு 200 லிட்டர் டிரம் நிறைந்தால் ஆண்டு முழுவதற்கும் ஆயிற்று. குடிநீரைக் குடக்கணக்கில் விலைக்கு வாங்கும் ஊரில் தோட்டம் எப்படிப் போடுவது என்று தயங்குபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

டிரம் இல்லாதவர்களுக்கு ஏ.சி. இயந்திரத்திலிருந்து சொட்டும் தண்ணீர் உதவும். காற்றின் ஈரம் குளிர்ந்து விழும் நீர் என்பதால் உப்பு அநேகமாக இருக்காது. சுத்திகரிப்பு இயந்திரத்தின் கழிவுக் குழாயில் வரும் தண்ணீரை மட்டும் தொடாதீர்கள். வீணாகப் போகிறதே என்று அதைப் பிடித்துச் செடிக்கு ஊற்றுவது நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் நடக்கிறது. நல்ல தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பெல்லாம் அந்தக் குழாயில்தான் வெளியே வருகிறது. அரிசி கழுவிய தண்ணீரும் வேண்டாம். கஞ்சி மண்ணில் புளித்து எறும்பையும் சிறு கொசுக்களையும் கூட்டும்.

2. இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

கள்ளிமுளையான் காட்டில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். வெட்டவெளியில் அரிது. முட்புதரின் அடியில், கிளை நிழல் சல்லடையாக விழும் இடத்தில் ஒண்டியிருக்கும். வீட்டிலும் அந்த நிழலைத்தான் தேட வேண்டும். காலை பத்து மணி வரை நேர் வெயில், பிறகு வெளிச்சமான நிழல். கிழக்குச் சுவரோரமும் முருங்கை மரத்தடியும் மிகப் பொருத்தமான இடங்கள்.

“கள்ளிதானே, வெயிலில் கிடக்கட்டும்” என்று சித்திரை வெயிலில் வைத்தால் தண்டு செம்பழுப்பாகி, விளிம்புகள் ஒட்டி உலரும். உடனே சாகாது. ஆனால் உயிரைக் காப்பாற்றிக்கொள்வதிலேயே காலம் போய்விடும், பூக்காது. அதற்கு நேர்மாறாக வீட்டுக்குள் ஜன்னலோரம் வைத்தால் தண்டு மெலிந்து நீண்டு, வெளிறித் தொங்கும். பழைய வீடுகளின் நடுமுற்றம் பார்க்க ஏற்ற இடமாகத் தெரியும். அங்கே விழுவது பெரும்பாலும் உச்சி வெயில் மட்டுமே. தவிர்த்துவிடுங்கள்.

மொட்டை மாடியில்தான் இடம் என்றால் 50 சதவீதப் பச்சை நிழல்வலை கட்டுங்கள். தொட்டியை நேரடியாகத் தளத்தில் வைக்காமல், இரண்டு செங்கல் மேல் வையுங்கள். தளத்துச் சூடு அடியிலிருந்து வேரை வேகவைக்கும். மேலும், அடித்துளை காற்றோட்டமாக இருந்தால்தான் ஈரம் விரைவில் வடியும். இரும்பு ஸ்டாண்ட் வாங்குவது வீண் செலவு. கடற்காற்றில் அரித்துவிடும்.

கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பக்கம் ஒரு மறைப்பு வேண்டும். அந்தக் காற்று மணலை வாரி அடிக்கும். மென்மையான தண்டில் மணல் உரசிய இடம் தழும்பாகும், மொட்டு இருந்தால் உதிரும். கடலை ஒட்டிய வீடானால் பலத்த காற்று அடித்த மறுநாள் காலையில் தண்டுகளின் மேல் நல்ல தண்ணீரைத் தெளித்துக் கழுவிவிடுங்கள். வெயில் ஏறும்முன் உலர்ந்துவிடும்.

ஆடும் கோழியும் எட்டாத இடமாகவும் பார்த்துக்கொள்ளுங்கள். கள்ளிமுளையான் மனிதரே துவையல் அரைத்துச் சாப்பிடும் செடி. ஆடு விட்டுவைக்குமா?

3. தொட்டி

அகலமாக, ஆழம் குறைவாக இருக்க வேண்டும். ஐந்தாறு அங்குல அகலம், மூன்று அங்குல ஆழம் போதும். இந்தச் செடிகளின் வேர் ஆழமாகப் போவதில்லை, பக்கவாட்டில் பரவும். ஆழமான தொட்டியில் வேர் எட்டாத அடிமண்ணில் ஈரம் தங்கி அழுகலைத் தொடங்கி வைக்கும்.

மண்தொட்டி நல்லது, சுவர் வழியாகவும் ஈரம் போகும். தயிர்ச்சட்டி, பழைய குழம்புச்சட்டி எதுவானாலும் சரி. சட்டியை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, கவிழ்த்து, அடியில் மூன்று துளை போடுங்கள். டிரில்லிங் இயந்திரத்தில் சுத்தியல் இயக்கத்தை நிறுத்திவிட்டு மெதுவாகச் சுழற்றினால் விரிசல் விடாது. பெரிய தொட்டியில் சிறிய செடி வைப்பதால் செடி வேகமாக வளராது. மண் உலரும் நேரம்தான் கூடும்.

4. மண் கலவை

இதில் அவசரப்படாதீர்கள். அளவு இது: பரு மணல் நான்கு பங்கு, உடைத்த செங்கல் சில்லு இரண்டு பங்கு, செம்மண் இரண்டு பங்கு, மரக்கரிச் சில்லு ஒரு பங்கு, நன்கு மக்கிய இலையுரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு. பத்துப் பங்குக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்குத் தூள்.

மணலை மாவு சலிக்கும் சல்லடையில் சலியுங்கள். அடுப்படியில் கீழே விழுவதை எடுத்துக்கொண்டு மேலே நிற்பதைத் தள்ளுவோம். இங்கே கீழே விழும் பொடியைத் தள்ளிவிட்டு, மேலே நிற்பதை எடுக்க வேண்டும். பொடி மணல் துகள்களுக்கிடையே தண்ணீர் பிடித்துக்கொண்டு இறங்காது, காற்றும் புகாது. எம்-சாண்ட் கிடைத்தால் அதையும் பயன்படுத்தலாம். ஆனால் கல்தூள் போகும்வரை மூன்று நான்கு முறை அலச வேண்டும்.

கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம். கைக்கெட்டும் தூரத்தில் இலவசமாகக் கிடப்பதால் புதியவர்கள் அதைத்தான் அள்ளி வருகிறார்கள். அதில் உப்பும் இருக்கிறது, சிப்பித் தூளும் இருக்கிறது. உப்பைக் கழுவலாம். சிப்பியின் சுண்ணாம்பு கழுவினாலும் போகாது, மண்ணைக் காரமாக்கிக்கொண்டே இருக்கும். கரையில் ஒதுங்கும் பவளக்கல்லைத் தொட்டியில் அழகுக்கு வைப்பவர்களுக்கும் ஒரு சொல்: சுண்ணாம்புக் கேடு ஒருபுறம் இருக்க, பவளப்பாறைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்டவை. எடுக்காதீர்கள்.

எந்த மணலானாலும் இப்படிச் சோதிக்கலாம். ஒரு கண்ணாடி பாட்டிலில் ஒரு பங்கு மணல், இரண்டு பங்கு மழைத்தண்ணீர். நன்றாகக் குலுக்கி, அரை மணி நேரம் தெளிய விடுங்கள். தெளிந்த தண்ணீரில் டி.டி.எஸ். மீட்டரை வைத்தால், மழைத்தண்ணீர் முன்பு காட்டிய எண்ணுக்கும் இப்போது காட்டும் எண்ணுக்கும் உள்ள வித்தியாசமே அந்த மணலின் உப்பு. நூற்றுக்கணக்கில் ஏறினால் அலசி மறுபடி சோதியுங்கள். பாட்டிலில் மணலுக்கு மேலே சேறாக ஒரு படலம் படிந்தால், பொடியும் இன்னும் போகவில்லை என்று பொருள்.

மரக்கரிக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமே இல்லை. முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடி பக்கம் சீமைக்கருவேலில் கரிமூட்டம் போடுபவர்களிடம் மூட்டை கட்டும்போது உதிரும் சில்லுகள் மிஞ்சும். கேட்டால் கொடுப்பார்கள். பட்டாணி அளவுச் சில்லுகளை எடுத்து, சாம்பல் போகக் கழுவிக் காயவையுங்கள். சாம்பல் காரத்தன்மை உள்ளது, கரி மட்டுமே நமக்கு வேண்டும். கரி மண்ணை இறுகவிடாமல் பொலபொலப்பாக வைக்கும்.

தேங்காய் நார்க்கழிவு சேர்ப்பதை நான் ஏற்பதில்லை. ஈரத்தை நாள்கணக்கில் பிடித்துவைக்கும். உவர்நீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்ததானால் அதிலேயே உப்பு இருக்கும். முழுக்கக் காய்ந்துவிட்டாலோ, ஊற்றும் தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓரமாக வழிந்துவிடும். கரிசல் மண்ணையும் சேர்க்காதீர்கள். மிளகாய்க்கும் பருத்திக்கும் அது அருமையான மண், இந்த வேருக்குச் சேறு.

தொட்டியின் அடியில் ஜல்லி அடுக்கும் வழக்கமும் தேவையில்லை. ஜல்லிக்கு மேலுள்ள மண் நனைந்து நிறைந்த பிறகுதான் தண்ணீர் ஜல்லிக்குள் இறங்கும். ஈரம் தங்கும் மட்டம் வேருக்கு இன்னும் அருகில் வந்துவிடும். துளையின் மேல் ஓர் ஓட்டுத் துண்டு போதும்.

கலவையைத் தொட்டியில் நிரப்பி ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். பத்து வினாடிக்குள் அடியில் கொட்டத் தொடங்க வேண்டும். மேலே குளமாக நின்றால் இன்னும் செங்கல் சில்லு சேருங்கள்.

5. இப்போது செடி

புதியவருக்கு நான் கொடுப்பது முதலில் கள்ளிமுளையான்தான். நம் மண்ணுக்குப் பிறந்த செடி. சிறு தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். தண்டு நுனியை நோக்கி மெலியும். மேல்பகுதியில் சிறு பூக்கள் தொங்கும். இதழ் ஓரத்தில் மயிரிழைகள் காற்றில் அசைவதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். கரட்டு நிலத்தில் கிடைத்தால் புதரோடு பிடுங்கி வராதீர்கள். ஓரத்திலிருந்து விரல் நீளத்தில் ஒன்றிரண்டு தண்டு போதும். உடல் இளைக்கும் மருந்துகளுக்காக இது ஏற்கெனவே ஏராளமாகச் சேகரிக்கப்படும் செடி.

அதே இனத்தில் காரலுமா அம்பெல்லேட்டா என்றொன்று உண்டு. தண்டு தடிமன், நுனியில் கறுஞ்சிவப்புப் பூக்கள் பந்தாகத் திரண்டு நிற்கும். நாற்றமும் உண்டு. அதுவும் தென்னிந்தியச் செடிதான், வளர்ப்பும் அதே முறைதான்.

ஆப்பிரிக்க உறவுகளில் முதலில் வாங்க வேண்டியது ஹுவெர்னியா ஜீப்ரினா. செடி மூன்று அங்குல உயரம் தாண்டாது. பூ சுமார் 3 சென்டிமீட்டர். நடுவில் மெழுகு பூசியதுபோல் பளபளக்கும் அரக்குநிற வளையம், அதைச் சுற்றி மஞ்சளில் வரிக்குதிரைக் கோடு போட்ட ஐந்து இதழ்நுனிகள். முதல்முறை பார்ப்பவர்கள் பிளாஸ்டிக் என்றே தொட்டுப் பார்க்கிறார்கள். அடுத்தது ஓர்பியா வேரிகேட்டா. உள்ளங்கையில் அடங்கும் மஞ்சள் பூ முழுவதும் பழுப்புப் புள்ளி. இடமும் துணிவும் இருப்பவர்கள் ஸ்டாபீலியா ஜைஜாண்டியா வைக்கலாம். ஒரு முழத்துக்கும் குறைவான செடியில் 25 சென்டிமீட்டருக்கு மேல் அகலமான பூ வரும். இந்த ஆப்பிரிக்கச் செடிகள் எதையும் கள்ளிமுளையான் என்று நினைத்துத் துவையலுக்குப் பறித்துவிடாதீர்கள்.

ரோஜா வடிவ எச்சிவேரியா, கூழாங்கல் வடிவ லித்தாப்ஸ் இரண்டையும் நர்சரியில் பார்த்தால் ரசித்துவிட்டு நகருங்கள். அவற்றுக்கு இரவு குளிர வேண்டும். இவ்வகைச் செடிகள் பகலில் மூச்சுத்துளைகளை மூடிவைத்து இரவில்தான் திறக்கின்றன. கோடையில் நம் கடலோர இரவுகள் பகலைப் போலவே புழுங்கும். மலையில் வளர்த்து ஊருக்கு அனுப்பும் எச்சிவேரியா தையில் செழித்து நிற்கும், வைகாசிக்குள் அடியிலை கூழாகும். எந்தத் தொல்லையும் வேண்டாம், பூ மட்டும் போதும் என்பவர்கள் அடினியமும் பத்துமணிப் பூவும் வைக்கட்டும். அவற்றுக்கு இவ்வளவு நீளமான வழிகாட்டி தேவையில்லை.

வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். தண்டின் அடியை இரு விரலால் அழுத்தினால் கெட்டியாக இருக்க வேண்டும். விளிம்புகளுக்கிடையே பஞ்சுபோல் வெள்ளை இருக்கக்கூடாது. லேசாக அசைத்தால் செடி ஆடக்கூடாது. பெயர்ச்சீட்டை நம்ப வேண்டாம், பலமுறை மாறியிருக்கும். தண்டில் ஒரு சிறு கீறல் போட்டுக் கெட்டியான வெள்ளைப்பால் வந்தால் அது யூஃபோர்பியா வகைக் கள்ளி, நாம் தேடும் இனம் இல்லை. அந்தப் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

6. தண்டுத் துண்டை வேர்பிடிக்க வைத்தல்

முழுச்செடி வாங்கினாலும் ஒரு துண்டை வெட்டித் தனியே வேர்பிடிக்க வையுங்கள். தாய்ச்செடி போனாலும் இனம் வீட்டில் இருக்கும்.

வெட்டும் இடம்: ஒரு தண்டு இன்னொன்றிலிருந்து கிளைக்கும் இடத்தில் இடுப்புபோல் ஒடுங்கியிருக்கும். அங்கே வெட்டினால் காயம் சிறியது, சீக்கிரம் ஆறும். நடுத்தண்டில் வெட்டினால் காயம் அகலம். கத்தியை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு வெட்டுங்கள், ஒவ்வொரு வெட்டுக்கும் இடையிலும் துடையுங்கள்.

வெட்டுவாயில் கரித்தூளைத் தொட்டு, நிழலில் காற்றோட்டமான இடத்தில் செய்தித்தாள் மேல் படுக்கவையுங்கள். தை, மாசியில் ஏழு நாள். காற்றில் ஈரம் மிகுந்த நாள்களானால் பத்து நாள். வெட்டுவாய் காய்ந்து, நகத்தால் தட்டினால் தக்கைபோல் கெட்டியாக இருக்க வேண்டும். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். முருங்கைப் போத்தை வெட்டிய கையோடு நட்டுப் பழகிய நமக்கு, ஒரு வாரம் சும்மா போட்டு வைக்க மனம் வருவதில்லை. பச்சைக் காயத்தோடு ஈரமண்ணில் வைத்த துண்டு வேர் விடுவதற்குள் அழுகும்.

காய்ந்த துண்டை ஆழமாகக் குத்தாதீர்கள். மண்ணின்மேல் படுக்கவைத்து, பாதித் தடிமன் மட்டும் புதையும்படி அழுத்துங்கள். மண்ணைத் தொடும் பக்கத்திலிருந்து வேர் வரும். நிமிர்த்தி நட விரும்பினால் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் புதைக்காமல், இருபுறமும் செங்கல் சில்லு முட்டுக் கொடுங்கள்.

நட்டபின் ஒரு வாரம் தண்ணீர் கிடையாது. அதன்பிறகு மூன்று நாளுக்கு ஒருமுறை மேல்மண் நனையும் அளவுக்குத் தெளியுங்கள். மூன்று நான்கு வாரத்தில் வேர் பிடிக்கும். தண்டைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்க்க வேண்டாம். விரலால் லேசாகத் தள்ளும்போது எதிர்ப்புக் கொடுத்தால் வேர் வந்துவிட்டது. சுருங்கியிருந்த தண்டு மறுபடி பருப்பதும் அதே அடையாளம்தான்.

7. தண்ணீர் விடும் முறை

நாள்காட்டி வழிகாட்டும், முடிவு ஈர்க்குச்சியிடம். விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, தொட்டியோரமாக அடிவரை செருகி, ஒரு நிமிடம் கழித்து எடுங்கள். மண் ஒட்டிவந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, தண்ணீர் வேண்டாம். சுத்தமாக வந்தால் ஊற்றலாம். மேல்மண் காய்ந்திருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். நம் ஊர்க் காற்றில் மேல்மண் அரை நாளில் காய்ந்துவிடும், அடியில் நான்கு நாள் ஈரம் நிற்கும்.

ஏறத்தாழக் கணக்கு இது: தை, மாசியில் எட்டு நாளுக்கு ஒருமுறை. பங்குனி முதல் வைகாசி வரை ஐந்து நாளுக்கு ஒருமுறை. கச்சான் வீசும் ஆனி முதல் ஆவணி வரை ஆறு நாள். புரட்டாசியில் மறுபடி எட்டு. மழைக்காலத்தை அடுத்துச் சொல்கிறேன்.

ஊற்றினால் அடித்துளையில் வடியும்வரை ஊற்றுங்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதுதான் கெடுதல். உப்பு கழுவிப் போகாமல் உள்ளேயே தங்கும். கோடையில் விடியற்காலையில் ஊற்றுங்கள். வெயிலில் காய்ந்த தொட்டியில் நண்பகல் ஊற்றினால் வேர் வெந்நீரில் நிற்கும். வேறு வழியின்றி உவர்நீர்தான் என்றால், மாதம் ஒருமுறையாவது தொட்டியின் கொள்ளளவைப்போல இருமடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி வடியவிடுங்கள்.

உரம் பற்றி இரண்டே வரி. 19:19:19 கரையும் உரம் ஒரு லிட்டருக்கு அரை கிராம், மாசி முதல் ஆவணி வரை மாதம் ஒருமுறை. யூரியாவும் சாணிக் கரைசலும் தண்டை ஊதவைக்கும், ஊதிய தண்டு மழைக்கு நிற்காது.

8. ஐப்பசி முதல் மார்கழி வரை

நம் மாவட்டத்தின் ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்க்கும். பத்து மாதம் பார்த்துப் பார்த்து வளர்த்த செடியை ஒரே புயல் வாரத்தில் இழக்கலாம். புரட்டாசி முடிவதற்குள் தொட்டிகளை மழை படாத இடத்துக்கு மாற்றுங்கள். தாழ்வாரம், திண்ணை, போர்டிகோ எதுவும் சரி, வெளிச்சம் இருக்க வேண்டும்.

மாடியிலேயே வைப்பவர்கள் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஷீட்டைச் சரிவாகப் போட்டு, பக்கங்களைத் திறந்து விடுங்கள். நான்கு பக்கமும் மூடினால் உள்ளே புழுக்கம் சேர்ந்து, மழையில் நனைந்ததைவிட மோசமாகும். ஷீட்டை நைலான் கயிற்றால் நான்கு மூலையும் கட்டுங்கள். ஓரத்தில் கல்லை மட்டும் வைத்தால் வாடைக்காற்று கல்லோடு தூக்கிப்போகும்.

இந்த மூன்று மாதமும் இருபது நாளுக்கு ஒருமுறை தண்ணீர், அதுவும் ஈர்க்கு சுத்தமாக வந்தால் மட்டும். தண்டு கொஞ்சம் சுருங்கினால் பதறாதீர்கள். சுருங்கிய தண்டைத் தையில் மீட்கலாம், அழுகிய தண்டை மீட்க முடியாது.

9. அழுகலும் மாவுப்பூச்சியும்

அடித்தண்டில் தேநீர்நிறக் கறை தெரிந்தால் அன்றே வெட்ட வேண்டும். கறை முடியும் இடத்துக்கு ஒரு அங்குலம் மேலே வெட்டி, வெட்டுமுகத்தைப் பாருங்கள். முழுவதும் ஒரே சீரான இளம்பச்சையாக இருந்தால் தப்பித்தது. நடுவில் கடுகளவு பழுப்புப் புள்ளி தெரிந்தாலும் நோய் உள்நரம்பு வழியாக ஏறிவிட்டது. இன்னும் அரை அங்குலம் மேலே வெட்டுங்கள். புள்ளி மறையும்வரை மேலே போக வேண்டும், கத்தியை ஒவ்வொரு முறையும் துடைக்க வேண்டும். மிஞ்சியது கட்டைவிரல் நீளமானாலும் போதும், காயவைத்து ஆறாம் பகுதியில் சொன்னபடி நடுங்கள். பழைய மண்ணைக் கொட்டிவிடுங்கள், தொட்டியைக் கழுவி வெயிலில் காயவையுங்கள்.

மாவுப்பூச்சி விளிம்புகளின் இடுக்கில் பஞ்சாக ஒட்டியிருக்கும். ஸ்பிரிட் தொட்ட பஞ்சுக்குச்சியால் தொட்டு எடுங்கள். அதிகமானால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்தபின் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் எண்ணெய் தண்டைச் சுட்டுவிடும். தொட்டியில் எறும்பு வரிசை தெரிந்தால் வேரிலும் பூச்சி இருக்கலாம். செடியை எடுத்து வேரைக் கழுவி, மூன்று நாள் நிழலில் காயவைத்துப் புதிய கலவையில் நடுங்கள்.

10. பூக்காத செடியும் பூத்த செடியும்

பூக்கவில்லை என்றால் முதலில் வெளிச்சத்தைச் சந்தேகியுங்கள். தண்டு கரும்பச்சையாக நீண்டிருந்தால் நிழல் அதிகம். இளஞ்சிவப்பு லேசாக ஓடியிருந்தால் வெளிச்சம் சரி. அடுத்தது வயது. வேர்பிடித்த துண்டு பூக்க ஓராண்டுகூட ஆகலாம். ஹுவெர்னியாவும் ஸ்டாபீலியாவும் புதிதாக வளர்ந்த தண்டின் அடிப்பக்கத்தில் மொட்டு வைக்கும். புதுத்தண்டு இல்லையேல் பூவும் இல்லை. அதனால் செடி “அழகாக” இருக்கட்டும் என்று இளந்தண்டுகளை வெட்டாதீர்கள்.

மொட்டு தெரிந்தபின் தொட்டியை இடம் மாற்றாதீர்கள், திருப்பியும் வைக்காதீர்கள். ஈரமும் ஒரே சீராக இருக்கட்டும். ஒருமுறை முழுக்கக் காயவிட்டு உடனே நிறைய ஊற்றினால் மொட்டு மஞ்சளாகி உதிரும்.

நாற்றம் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஸ்டாபீலியாவும் காரலுமா அம்பெல்லேட்டாவும் அழுகிய இறைச்சி வாடை அடிக்கும். ஈக்களை இழுக்கத்தான் அந்த வாடை. மகரந்தம் பைபோல் கட்டியாக ஈயின் காலிலோ வாயிலோ ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகிறது. ஸ்டாபீலியா பூவின் நடுவில் வெள்ளையாக ஈ முட்டைகள் தெரிந்தால் செடிக்கு நோய் என்று பயப்படாதீர்கள். இறைச்சி என்று ஏமாந்து இட்ட முட்டை அது. பொரிக்கும் புழுவுக்கு அங்கே உணவில்லை, செத்துவிடும். பூக்கும் தொட்டியைச் சமையலறை ஜன்னலிலிருந்து தள்ளி வையுங்கள். கருவாடு காயும் தெருவில் வீடு என்றால் அந்தக் கவலையும் இல்லை, யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஹுவெர்னியா ஜீப்ரினாவின் வாடை மூக்கை அருகில் கொண்டுபோனால்தான் தெரியும்.

11. விதை

ஈ வேலையைச் சரியாகச் செய்திருந்தால், பூ உதிர்ந்த இடத்தில் ஆட்டுக்கொம்புபோல் இரட்டைக் காய் எழும். முற்றப் பல மாதங்கள் ஆகும். முற்றும் தறுவாயில் மெல்லிய வலைத்துணியால் காயைச் சுற்றிக் கட்டிவிடுங்கள். வெடித்தால் விதைகள் பட்டிழைக் குஞ்சத்தோடு பறந்துவிடும், நம் ஊர்க் காற்றில் ஒன்றுகூடக் கைக்கு வராது. எடுத்த விதையை நாள்கடத்தாமல் அதே கலவையின்மேல் தூவி, மெல்லிய மணல் போர்வை போட்டு, தொட்டியை ஒரு தட்டுத் தண்ணீரில் வைத்து அடியிலிருந்து நனையவிடுங்கள். ஒரு வாரத்துக்குள் பெரும்பாலானவை முளைக்கும். மழைக்காலத்தில் காய் வெடித்தால் மட்டும் விதையைக் காகிதப் பொட்டலத்தில் கட்டித் தை வரை வைத்திருந்து விதையுங்கள். ஐப்பசி ஈரத்தில் முளைத்த நாற்று ஒரே இரவில் படுத்துவிடும்.